ஏன் என்று கேளுங்கள்



சென்னையை அடுத்த நாவலூர் வழியாக ஓடும் மாநகரப் பேருந்துகளில் 102, 519, 570 மூன்றும் பலருக்குப் பழக்கமானவை. இந்த எண்களை மூன்றால் வகுத்துப் பாருங்கள், மீதியே வராது. வகுக்கக்கூட வேண்டாம், இலக்கங்களைக் கூட்டினாலே போதும் என்று உங்கள் வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். 5, 7, 0 கூட்டினால் 12. பன்னிரண்டு மூன்றால் வகுபடும். ஆகவே 570-ம் வகுபடும்.

சரி, அது ஏன் என்று கேளுங்கள். "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க" என்ற பதிலே பெரும்பாலும் வரும். காரணம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நூறு என்பது 99-ம் ஒன்றும்; பத்து என்பது 9-ம் ஒன்றும். 570-ல் ஐந்து நூறு, ஏழு பத்து இருக்கின்றன. ஒவ்வொரு நூறிலும் 99-ஐயும் ஒவ்வொரு பத்திலும் 9-ஐயும் எடுத்துவிட்டால், அவையெல்லாம் மூன்றால் மீதியின்றித் தீர்ந்துவிடும். மிஞ்சுவது ஐந்தும் ஏழும், அதாவது 12. அதைச் சோதித்தால் வேலை முடிந்தது. இதே விதி 9-க்கும் ஏன் செல்லும் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

இப்படி ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களே அதன் காரணிகள். காரணிகளை எண்ணுவது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தமக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் கணித மேதை ராமானுஜன் 1915-ல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இங்கே கல்லூரித் தேர்வில் தேறாத அவருக்கு, 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது அந்த ஆய்வு.

கணித ஆய்வு ராமானுஜனோடு நின்றுவிடவில்லை. நாவலூரை அடுத்த சிறுசேரியில், கணித அறிஞர் சி.எஸ்.சேஷாத்ரி தொடங்கிய சென்னை கணிதவியல் கழகம் இயங்குகிறது. சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள். அவற்றின் பிழைப்பிலும் காரணிக்குப் பங்கு உண்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால், அறுநூறு இலக்கத்துக்கு மேல் இன்றைய கணினிகள் கைவிரித்துவிடும். ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் அறிஞர்கள் மூவரும் 1977-ல் அந்தச் சிரமத்தையே பூட்டாக்கினார்கள். இணையத்தில் போய்வரும் ரகசியங்கள் பலவற்றை இன்றும் காப்பது அந்தப் பூட்டுதான்.

பெற்றோரே, ஆசிரியர்களே, விதியைச் சொல்லும்போது காரணத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காரணம் தெரிந்த பிள்ளை, விதி மறந்தாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி. 11-ஆல் வகுபடுமா என்று பார்க்க, இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, இரு கூடுதல்களின் வித்தியாசத்தைப் பார்க்கிறோம். ஏன்? பத்து, பதினொன்றுக்கு ஒன்று குறைவு. நூறு, தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று கூடுதல். இதை வைத்துக்கொண்டு யோசித்து, உங்கள் விளக்கத்தை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்