காற்றை நம்பிய குடும்பம்

மதுவுக்குப் பரிந்து பேச நாம் இவ்வாரம் எழுதுகோல் எடுத்தோமென வாசகர் ஐயுறவேண்டா. ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாகக் காற்றை நம்பித் தொழில் நடத்திய கதையையே கூறவிருக்கின்றோம்.

பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசெல்ஸில், அண்டர்லெக்ற் என்னும் பகுதியிலே, 1900ஆம் ஆண்டில் போல் கந்தியோன் என்பவர் தம் மனைவியுடன் ஒரு பியர்ச்சாலை நிறுவினார். முதலிற் பிறர் காய்ச்சியதை வாங்கிக் கலந்து விற்ற அக்குடும்பத்தார், 1930களின் இறுதியிலே தாமே காய்ச்சத் தொடங்கினர். 1883இல் ஹான்சன் என்னும் அறிஞர் தூய மதுவத்தைப் பிரித்து வளர்த்துக் காட்டியபின், அதனை அளந்து இடுவதே பியர்த் தொழிலின் பெருவழக்காயிற்று. இவர்களோ மதுவம் எதனையும் இடுவதில்லை.

முளைத்த பார்லி இரு பங்கும் முளையாத கோதுமை ஒரு பங்குமாகக் காய்ச்சிய சாற்றை, கூரையின் கீழுள்ள ஆழமற்ற அகன்ற செப்புத் தொட்டியில் ஓரிரவு திறந்து வைப்பர். குளிர்காற்று சாற்றை ஆற்றும். காற்றோடு வரும் நுண்ணுயிர்கள் அதில் வீழும். பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் மூன்றாண்டுவரை இருந்து முதிரும். அவ்வாறு முதிர்வதே லாம்பிக் எனப்படும் புளிப்பு பியர். அதனை முதிர்விக்கும் நுண்ணுயிர்களுள் ஒன்று பிரசெல்ஸ் நகரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பீப்பாய்களிடையே சிலந்தி வலைகளையும் அவர்கள் கலைப்பதில்லை. பழ ஈக்களுக்கு அவையே காவல்!

நம் பனங்கள்ளும் தானே நொதிப்பதன்றோ என யாழ்ப்பாணத்து வாசகர் வினவலாம். உண்மையே. முட்டியிற் சுண்ணாம்பு பூசினாற் கருப்பணி, பூசாவிடிற் கள். ஆயின் கள் ஒரு பகலிற் புளித்துவிடும். லாம்பிக்குக்கு ஆண்டுகள் வேண்டும்.

மக்கள் இனிப்புப் பானங்களை நாடிய காலத்திலே லாம்பிக் சாலைகள் பல மூடுண்டன. சில சர்க்கரை கலந்து பிழைத்தன. போலின் மகன் மார்சலுக்கு மருமகனாகி வந்த ஷான்-பியர் வன் றோய் அவ்வழியை நாடவில்லை. 1978இல் தொழிற்சாலையையே நூதனசாலையாகத் திறந்து, மக்களை உள்ளே அழைத்தார். அது நற்பயன் தந்தது.

அவர் மகன் ஷானுக்கு நேர்ந்துள்ள இடர் வேறு. சாறு ஆறுவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். 2015 நவம்பரில் இரவுகள் வெம்மையாயிருந்தமையால் காய்ச்சுதலை நிறுத்தவும், காய்ச்சியதிற் சிலவற்றைக் கொட்டிவிடவும் நேர்ந்தது. இயந்திரத்தாற் குளிர்விக்கலாமே எனின், திறந்த தொட்டியில் ஓரிரவு காற்றுப் படாத சாறு லாம்பிக் ஆகாது. பாட்டனார் காலத்தில் ஒக்டோபர் நடுவிலிருந்து மே மாதம்வரை காய்ச்சினார்களென்றும், தமக்கு அவ்வளவு நீண்ட குளிர்காலம் ஒருமுறையேனும் வாய்த்ததில்லையென்றும் ஷான் கூறியுள்ளார்.