குறி தவறியது யாருடைய தவறு?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள். பிராந்தியச் செய்தியாளனாகப் பத்திரிகைத் தொழிலுக்குள் நான் காலடி எடுத்து வைத்திருந்த காலம் அது. பாடசாலைகளுக்கிடையிலான வலைப்பந்தாட்டப் போட்டியொன்றைப் பார்த்துவிட்டு, அன்றிரவே செய்தியை எழுதிக் கல்முனையிலிருந்து கொழும்புக்குத் தொலைநகலில் அனுப்பினேன். எங்கள் பக்கத்து அணி தோற்றிருந்தது. அந்த அணியின் கோல் ஷூட்டர் முன்னைய போட்டிகளில் பந்தை எடுத்தால் வளையத்துக்குள்தான் போடுவார் என்று பெயர் வாங்கியவர். அன்று அவருடைய எறிதல்களில் பாதிக்கு மேல் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் தெறித்தன. 'நட்சத்திர வீராங்கனை சோபிக்கவில்லை. வாய்ப்புகள் வீணடிக்கப்பட்டன' என்று எழுதினேன். செய்தி அப்படியே அச்சாகியது. ஒரு புள்ளிகூடப் பிழையில்லாத செய்தி என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அந்த வீராங்கனையை அண்மையில் மைதானமொன்றின் ஓரத்தில் சந்தித்தேன். மகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டவர் அவர்தான். பழைய செய்தியை மறக்கவில்லை. ஆனால் கோபமும் இல்லை.

"அன்டைக்கு என்ட கால் வீங்கிக் கிடந்திச்சி, சேர். சப்பாத்தக் கழட்டினா திரும்பப் போட ஏலாமப் போயிரும் எண்டுதான் இடைவேளையிலயும் கழட்டல்ல. எனக்குப் பந்து தாற புள்ளையும் வரல்ல. ஊர் விட்டு ஊர் போக அவட வீட்ட விடல்ல. நீங்க அதொண்டும் எழுதல்லயே."

எழுதவில்லைதான். எழுதுவதற்கு முன் கேட்கவுமில்லை. நான் கண்டது வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை மட்டுமே. அந்தப் பந்து எங்கிருந்து, எந்தக் காலின் வலுவில், யாருடைய கைகளைக் கடந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது. அது என்னுடைய குறை மாத்திரமன்று; விளையாட்டைப் பார்க்கும் நம் எல்லோருடைய பார்வையிலும் உள்ள குறை.

கூடைப்பந்தாயினும் வலைப்பந்தாயினும், எறிதல் என்பது கையின் வேலை என்றே நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் அது பாதத்தில் தொடங்குகிறது. தரையை உந்தும் விசை கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி, முழங்கையைக் கடந்து, கடைசியாகவே மணிக்கட்டையும் விரல்களையும் அடைகிறது. கை செய்வது திசை காட்டும் வேலை. தூரத்தைக் கொடுப்பவை கால்கள். ஆகவே கணுக்காலில் வலியுள்ளவர் எறியும் பந்து பெரும்பாலும் பக்கவாட்டில் விலகுவதில்லை. குறுகி விழுகிறது, முன்விளிம்பில் படுகிறது. அன்று என் கண்ணெதிரே நடந்ததும் அதுதான். குறைந்த கால் விசையை ஈடுகட்டத் தோளால் தள்ளத் தொடங்கினால், ஆண்டுக்கணக்கில் பழகிய எறிதலின் வடிவமே குலைந்துபோகும். காயம் ஆறிய பின்னரும் அந்தக் கோணல் நிலைத்துவிடுவதுண்டு.

வலைப்பந்தாட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதலானது. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. காற்றில் பாய்ந்து பந்தைப் பிடித்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஓட்டத்தின் வேகம் முழுவதையும் ஒரு முழங்காலும் ஒரு கணுக்காலும் திடீரெனத் தாங்குகின்றன. இந்த விளையாட்டில் கணுக்கால் சுளுக்கும் முழங்கால் தசைநார்க் கிழிவும் மலிந்திருப்பதற்கு இந்த விதி ஒரு முக்கிய காரணம்.

சக வீரர்களின் பங்கையும் வலைப்பந்தாட்டம் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. கூடைப்பந்தில் ஒரு நட்சத்திரம் பந்தைத் தட்டிக்கொண்டு போய், எதிராளியை ஏமாற்றித் தனக்கான வாய்ப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம். வலைப்பந்தில் அதற்கு இடமில்லை. பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். அணியின் எழுவரில் கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு, அதுவும் 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான். 3.05 மீற்றர் உயரத்து வளையத்துக்குப் பின்னால் பந்தைத் தடுத்து உள்ளே விழுத்தப் பலகையும் கிடையாது. கோல் ஷூட்டரின் கைக்குப் பந்து எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தக் கணத்தில் வருகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவர்கள் மற்றவர்களே.

நமது நாட்டில் இதற்குத் தர்ஜினி சிவலிங்கத்தை விடச் சிறந்த சான்று இல்லை. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனில் பிறந்து, நமக்கு அண்டையிலுள்ள வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்றவர். 2.08 மீற்றர் உயரம். 2009 இல் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 77-48 என்று வென்றபோதும், ஒன்பது ஆண்டுகளின் பின் 2018 இல் அதே அணியை 69-50 என்று வென்று கிண்ணத்தை மீட்டபோதும், 2022 இல் மீண்டும் 63-53 என்று வென்றபோதும் வளையத்தின் கீழ் நின்றவர் அவர்.

"அந்த உயரம் இருந்தால் யாரும் போடலாம்" என்று அலட்சியமாகச் சொல்வோரை நான் கண்டிருக்கிறேன். உயரம் அங்கே நின்றுகொண்டிருந்தால் மட்டும் போதுமா? தடுப்பாளர்கள் இருவரின் கைகளுக்கு மேலாக, அவருக்கு மட்டுமே எட்டக்கூடிய உயரத்தில் பந்தை வீசத் தெரிந்தவர்கள் வேண்டும். ஓரங்குலம் தாழ்ந்தால் பந்து பறிபோகும். சற்று நீண்டால் கோட்டுக்கு வெளியே போகும். அந்தப் பந்துகளை வீசியவர்கள் பெரும்பாலும் சிங்கள வீராங்கனைகள். பெருமளவு சிங்கள வீராங்கனைகளைக் கொண்ட அணியில் ஒரு தமிழ்ப் பெண், அவர்கள் காற்றில் எழுதிய வரியைப் பிழையின்றி வாசித்தார். மொழி வேறுபட்டாலும் பந்தின் மொழி ஒன்றாக இருந்தது.

ஆனால் 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அந்தத் தொடரில் கோல்களைக் குவித்தோர் வரிசையில் தர்ஜினி உச்சத்தில் இருந்தார். இலங்கை அணியோ பதினாறு அணிகளில் கடைவரிசையிலேயே நின்றது. பந்து அவரிடம் வந்து சேர்ந்தபோதெல்லாம் அநேகமாகக் கோலானது. வந்து சேராத பந்துகளும், மறுமுனையில் தடுக்கப்படாத பந்துகளும் முடிவைத் தீர்மானித்தன. நட்சத்திரத்தின் குறி தப்பாதபோதும் அணி தோற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

உலகின் செல்வம் கொழிக்கும் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலும் கதை வேறன்று. கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கரி 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளிக் கோல்களை, நூற்றுக்கு 45.4 என்ற துல்லியத்துடன் போட்டார். அணி 82 போட்டிகளில் 73 ஐ வென்றது. 2020-21 பருவத்தில் அவருடைய இணையான கிளே தொம்சன் காயத்தால் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. கெவின் டுரான்ட் 2019 இலேயே அணியை விட்டுப் போயிருந்தார். எதிரணிகள் கரி ஒருவரையே சூழ்ந்துகொண்டன. அப்படியிருந்தும் போட்டியொன்றுக்குச் சராசரி 32 புள்ளிகள் பெற்றுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். மூன்று புள்ளித் துல்லியம் 42.1 ஆகவே இறங்கியது. ஆனால் அணி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையவே இல்லை. துணை இல்லாதபோது மாமேதையின் குறி சற்றுத்தான் தளர்கிறது. அந்தக் குறியின் பயன்தான் பெரிதும் குறைந்துவிடுகிறது.

கோபி பிரயன்டின் கதை துயரமானது. 2013 ஏப்ரலில், அணியில் பலர் காயத்தால் ஒதுங்கியிருந்த நிலையில், லேக்கர்ஸ் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோகும் சுமையை அவர் ஏறக்குறைய ஓய்வின்றித் தனியே சுமந்தார். ஏப்ரல் 12 ஆம் திகதி குதிக்கால் தசைநார் அறுந்தது. அறுந்த காலுடனேயே நடந்து வந்து இரண்டு தண்ட எறிதல்களையும் உள்ளே போட்டுவிட்டுத்தான் வெளியேறினார். அந்தக் காட்சியை உலகம் வீரம் என்று கொண்டாடியது. அந்தப் பருவத்தில் நூற்றுக்கு 46.3 ஆக இருந்த அவரது எறிதல் துல்லியம் 2014-15 இல் 37.3 ஆகவும், இறுதிப் பருவமான 2015-16 இல் 35.8 ஆகவும் வீழ்ந்தது. வயது, காயம், பலமிழந்த அணி ஆகிய மூன்றும் அந்த எண்களுக்குள் பின்னிக் கிடக்கின்றன; எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் கவனியுங்கள்: சகாக்களின் காயம் அவர் மீது சுமையானது, சுமை அவரது காயமானது, காயம் குறியைக் கெடுத்தது. மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

இதற்கு நேர்மாறான பாடத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே கிளே தொம்சன் 2019 ஜூன் 13 இல் முழங்கால் தசைநார் கிழிந்தும், 2020 நவம்பரில் குதிக்கால் தசைநார் அறுந்தும், 941 நாட்கள் மைதானத்துக்கு வெளியே இருந்தார். 2022 ஜனவரி 9 இல் திரும்பி வந்தார். அடுத்த பருவத்தில், 2022-23 இல், 301 மூன்று புள்ளிக் கோல்களைப் போட்டு முழுத் தொடரிலும் முதலாவதாக நின்றார். காரணம் மந்திரமன்று. மருத்துவம் இருந்தது, இயன்மருத்துவர் இருந்தார், எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கத் தயாரான அணி இருந்தது. காத்திருப்பதும் சக வீரர்கள் செய்யும் உதவிதான்.

நமது கரையோரத்தில் யார் காத்திருக்கிறார்கள்? மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரே காட்சி. சுளுக்கிய காலுக்கு எண்ணெய் தடவி, துணியைச் சுற்றி, வலி மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, "நீ இல்லாட்டி ஆர் போடுற?" என்று பிள்ளையை மீண்டும் இறக்கிவிடுகிறோம். வென்றால் தோளில் தூக்குகிறோம். தோற்றால் பெயரைச் சொல்லித் திட்டுகிறோம். பதினாறு வயதுக் கணுக்கால் ஒன்று ஆறுவதற்கு எத்தனை வாரங்கள் தேவை என்று கேட்பவர் அரிது. பரிசளிப்பு மேடைக்கும் பதாகைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, மாதம் இருமுறையேனும் இயன்மருத்துவர் ஒருவரை மைதானத்துக்கு அழைக்கச் செலவிட்டால் எத்தனை கால்கள் பிழைக்கும்!

பெண்பிள்ளைகள் விடயத்தில் இன்னொன்று. நன்றாக ஆடும் ஒருத்தியை மட்டும் எப்படியோ வெளியூருக்கு அனுப்பச் சம்மதிக்கும் நாம், அவளுக்குப் பந்து கொடுக்கும் மற்றப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுகிறோம். பாதுகாப்பைப் பற்றிய பெற்றோரின் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. அந்தக் கவலைக்கு விடை நல்ல வாகனமும் கூடவே செல்லும் ஆசிரியைகளும் தாய்மாருமே தவிர, அணியை உடைப்பதன்று. ஏழு பேராகப் பழகியவர்களை நால்வராக அனுப்பிவிட்டு, ஷூட்டரின் குறி தவறியது என்று கவலைப்படுவதில் என்ன நியாயம்?

கிழக்கு மாகாணத்துக்கு இந்தப் பாடம் புதிதுமன்று. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்தெடுத்தவர். 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த நாட்கள் அவை. அவர் காணாமற்போனதோடு இழந்தது ஒரு மனிதரை மட்டுமா? எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே அணியில் பந்தைப் பரிமாறிப் பழகியிருக்கக்கூடிய ஒரு காலத்தையும் சேர்த்தே இழந்தோம் என்பது என் எண்ணம். நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் பந்தைக் கொடுப்பதில்லை.

என் தொழிலைச் சார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. புள்ளிவிபரம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது முழுவதையும் சொல்வதுமில்லை. 'பத்தில் நான்கு' என்று எழுதுமுன், தவறிய ஆறும் எங்கே விழுந்தன, பந்து எப்படி வந்தது, கால் எப்படி இருந்தது என்று மூன்று கேள்விகளைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் அன்று செலவிடவில்லை.

பேச்சு முடிந்தபோது, மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று அந்தத் தாயிடம் கேட்டேன். "சென்டர், சேர். பந்து குடுக்கிற இடம்" என்றார். பிறகு, "வெளியூர் மெச்சுக்கு நானும் கூடப் போறன். மத்தப் புள்ளைகளயும் கூட்டிப் போறன்" என்றார்.

பத்திரிகைகளில் தவறு நேர்ந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவது வழக்கம். எனது திருத்தம் கால் நூற்றாண்டுக்கு மேல் பிந்தியிருக்கிறது. அன்றைய போட்டியில் குறிப்பிட்ட வீராங்கனை வாய்ப்புகளை வீணடித்தார் என்று வெளியான செய்தி பிழையானது. வீங்கிய காலுடன், தனக்குப் பந்து கொடுக்கும் தோழியின்றி, இறுதிவரை அவர் ஆடினார் என்பதே சரி.