ஜெயிப்பதும் கவிதையும்

போன இதழில் நான் எழுதிய குறிப்புக்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. போட்டி மேடையில் எதிராளியைச் சந்தத்தோடு வைது ஜெயித்த ஒரு ராப் கலைஞரைக் கவிஞர் என்று எழுதிவிட்டேன். தெருச் சண்டையைக் கவிதை என்று சொல்வதற்கு பி.ஏ. இங்கிலீஷ் எதற்கு என்று கேட்கிறார் ஒருவர். இன்னொருவர் தமிழாசிரியர். இதையெல்லாம் 500 வருஷத்துக்கு முன்பே காளமேகம் செய்து முடித்தாயிற்று என்கிறார். இருவரும் அந்த மனிதரைக் கேட்டதில்லை என்பது கடிதங்களிலேயே தெரிகிறது. கேளாமல் தீர்ப்புச் சொல்லும் சௌகரியம் நம் இலக்கிய உலகில் என்றைக்கும் உண்டு.

முதலில் விஷயம். மைக்கேல் லார்சன் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துக்காரர். 1981 நவம்பரில் பிறந்தவர். மேடைப் பெயர் ஐடியா. 1999இல், பதினெட்டு நிரம்புமுன்பே, சின்சினாட்டியில் நடந்த ஸ்க்ரிப்பிள் ஜாம் போட்டியில் ஜெயித்தார். 2000இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சி ஒளிபரப்பிய பிளேஸ் பேட்டிலிலும் அவர்தான். எழுதிவைத்த பாட்டு இல்லை. இசைத்தட்டுக்காரர் தாளத்தைச் சுழலவிடுவார்; ஆளுக்குச் சொற்ப நேரம்; எதிரே நிற்பவனின் சட்டை, நிற்கும் தோரணை, அவன் சற்றுமுன் சொன்ன சொல், எல்லாமே கச்சாப்பொருள். ஈற்றுச் சொல்லை முதலில் மனதில் பிடித்துக்கொண்டு, அதை நோக்கி வரியைப் பின்னாலிருந்து கட்டிவருகிற வேலை இது. எதுகைக்குச் சொல் தேடிப் பேனாவைக் கடிப்பவர்கள் ஒரு நிமிஷம் முயன்று பார்க்கலாம்.

வசை என்பதால் கவிதை இல்லை என்பது முதல் கடிதக்காரரின் வாதம். இந்த வசைக்கு வம்சாவளி இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பர்களிடையே 'டஸன்ஸ்' என்று ஒரு வாய்விளையாட்டு. ஒருவன் தாயை மற்றவன் இழிப்பான். கேட்டவன் அதைவிடக் கெட்டியாகத் திருப்பித் தரவேண்டும். கோபம் வந்து கையை ஓங்கினவன் தோற்றான். அதாவது, வசையைத் தாங்கி அதை மொழியாக மாற்றத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே இடம். தெருச் சண்டையில் இந்த விதி கிடையாது. லார்சன் வெள்ளைக்காரப் பையன். இந்த விதியைக் கறுப்பர்களின் கலையிலிருந்து கற்றுக்கொண்டு அதற்குள் நின்றவர்.

தமிழாசிரியருக்கு வருகிறேன். காளமேகம் பெரிய கவி என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் 'எங்களிடம் இருந்தது' என்பது விமர்சனம் ஆகாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் சொல்லவேண்டிய வாக்கியம் அது. வெளியிலிருந்து எது வந்தாலும் ஒரு பழைய பெயரை எடுத்து அதன் வாயை அடைத்துவிடுகிறோம். அந்தப் பழைய பெயரையாவது படிக்கிறோமா? எமகண்டம் பாடிய கதையைச் சொல்லத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் தனிப்பாடல் திரட்டைப் பிரித்திருக்கிறார்கள்? திருமலைராயன் சபையில் காளமேகத்திடம் தோற்றதாகச் சொல்லப்படும் அதிமதுரகவியின் பாட்டு ஒன்றை ஆசிரியர் ஒப்பிப்பாரா? நமக்கு நினைவிருப்பது ஜெயித்த கதைதான்.

இங்கேதான் லார்சனின் ரசிகர்களோடும் எனக்குச் சண்டை. அவர்கள் சொல்வதும் ஜெயித்த கதைதான்: இந்த வருஷம் இந்தப் பட்டம், அடுத்த வருஷம் அந்தப் பட்டம். 1997இல் இதே ஸ்க்ரிப்பிள் ஜாமில் ஜூஸ் என்பவரிடம் தோற்றவர் எமினெம். தோற்றவர் உலகப் புகழ் பெற்றார். 2002இல் வந்த '8 மைல்' படம் மூலம் பேட்டில் ராப் என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொல்லித் தந்தவரும் அவரே. பட்டங்களை எண்ணுவதால் ஒன்றும் விளங்காது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

லார்சனை நான் கவிஞர் என்பது அவர் ஜெயித்ததற்காக அல்ல, ஜெயிப்பதன் எல்லையைக் கண்டுகொண்டதற்காக. பேட்டில் வரிக்குத் தோற்பதற்கு ஒருவன் தேவை. அவன் போனபின் வரி எதன்மேல் நிற்கும்? அந்த மேடையே தொழிலாகியிருக்க வேண்டியவர் வேறு பக்கம் நடந்தார். 2001இல் டிஜே அபிலிட்டீஸுடன் 'ஃபர்ஸ்ட் பார்ன்'. மறுவருஷம் ஆலிவர் ஹார்ட் என்ற பெயரில் இன்னொரு தொகுப்பு. அதில் 'பாட்டில் ட்ரீம்ஸ்' என்ற பாட்டு, தகப்பனால் சிதைக்கப்படுகிற, வயலின் வாசிக்கும் ஒரு சிறுமியின் கதை. அவள் பாட்டில்களில் கடிதம் அடைத்து நீரில் விடுகிறாள். எதிராளியைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் அங்கே பாதிக்கப்பட்டவளைப் பார்க்கிறது. ஃபேஸ் கேண்டி குழுவில் டிரம்ஸோடும் பேஸோடும் அந்த நேரத்தில் பிறக்கும் சொல்லுக்கே திரும்பினார். இந்தமுறை வீழ்த்துவதற்கு யாரும் எதிரே இல்லை.

குறையும் சொல்கிறேன். முதல் தொகுப்பின் தத்துவம் பல இடங்களில் புதிதாகப் புத்தகம் படித்த பையனின் தத்துவம். அருவமான சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. அந்தத் தவறுகளைச் செய்ய அவர் முன்வந்தார் என்பது எனக்கு முக்கியம். மேடையில் அவருக்கு அவை நேர்ந்திருக்காது.

2010 அக்டோபர் 16இல், 28 வயதில், போதைமருந்து மிகையானதால் இறந்தார். தற்செயல் மரணம். அதை வைத்து ஒப்பாரி எழுத எனக்கு விருப்பமில்லை. சாவைக் கவிதையின் தரச்சான்றிதழாக்குவது நம் சிறுபத்திரிகைகளுக்குப் பிடித்த காரியம்; போதும்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன் ஓர் இளைஞரின் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். நான்கு பக்கம். நண்பர்கள் டீக்கடையில் அதை வரிவரியாகச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் அப்புறம் எழுதவில்லை. போன வருஷம் டிராஃப்ட் எடுக்க என் கவுண்ட்டருக்கு வந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. செலானில் பெயரைப் பார்த்து எனக்குத்தான் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் திரும்பப் படித்தேன். நான் சுட்டிய குறைகள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஆனால் நான் குறிப்பிடாத இரண்டு கவிதைகளும் இருந்தன, நல்ல கவிதைகள். அப்போதே எனக்கு அது தெரியும். சொன்னால் என் கட்டுரையின் வீச்சுக் குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே முதல் கடிதக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் தெருச் சண்டை என்கிற அந்த மேடையில், வசை வாங்கினவன் அங்கேயே நிற்பான். அடுத்த நிமிஷம் அவனுடையது. அதே ஒலிபெருக்கி, அதே கூட்டம். நான் எழுதிய மதிப்புரையில் அந்த இளைஞருக்கு அப்படி ஒரு நிமிஷம் இருக்கவில்லை. நாகரிகத்தைப் பற்றி யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது?

இருவரும் எனக்குப் பதில் எழுதலாம். ஆசிரியர் பக்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.