கொட்டகை சரி, காசு எப்போ தம்பி?

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்துக்கு ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள. நல்ல பிள்ளைகள். பாயில் உட்கார்ந்து மோர் குடித்து, மரியாதையாகப் பேசினார்கள். காய்களைத் தரம் பிரிக்க ஒரு கொட்டகை கட்டித் தருகிறார்களாம். செலவு முழுக்க நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதி. முகப்பில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். திறப்பு விழா அன்று பெண்கள் கூடையோடு நிற்க வேண்டும், ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க. அங்கே பிரிக்கும் காய் அவர்கள் கடைகளுக்கே போகும்.

எல்லாருக்கும் சந்தோஷம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தம்பி, காய் போட்டா எத்தனை நாள்ல காசு?"

"அது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் சார். நாங்க சி.எஸ்.ஆர்."

இந்தப் பதிலைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

வயலுக்கு வருமுன் முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்தவன் நான். ஆண்டறிக்கையின் முன்பக்கப் படத்தைப் பார்த்துக் கடன் கொடுத்த மேலாளர் யாரும் நிம்மதியாக ஓய்வு பெற்றதில்லை. கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

முதலில், இந்த சி.எஸ்.ஆர். தர்மம் இல்லை, சட்டம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. 2014 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆக, நூறு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாயைப் பற்றித்தான் இந்தச் சட்டம் பேசுகிறது. அந்த நூறு எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

அதே சட்டத்தின் விதிகளில் இன்னொன்றும் உண்டு. நிறுவனம் தன் வழக்கமான வியாபாரத்துக்குச் செய்யும் வேலையை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக்கூடாது. தன் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் செலவையும் எழுதக்கூடாது. இப்போது சொல்லுங்கள். அவர்கள் கடைக்குப் போகும் காயை மட்டும் பிரிக்கிற கொட்டகை யாருக்கான செலவு? ஊர்க்காரர் எல்லாரும் புழங்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றால் அது சமூகப் பணி. இல்லையென்றால் அது அவர்கள் கொள்முதல் செலவு. அதற்கு நாம் கூடையோடு நின்று கும்பிட வேண்டியதில்லை.

சில வருடம் முன்பு வேறொரு நிறுவனத்துக்கு நானும் பக்கத்துத் தோட்டத்து அக்காவும் கத்தரிக்காய் போட்டோம். பஞ்சகவ்யமும் வேப்பங்கொட்டைக் கரைசலும் அடித்து வளர்த்த காய். 200 கிலோ போனால் 140 கிலோவுக்குத்தான் சீட்டு வரும். மீதி "ரிஜெக்ட்". காயும் திரும்ப வராது, காரணமும் வராது. பணம் வந்தது 52ஆம் நாள். நான் பென்ஷன்காரன், சமாளித்தேன். அந்த அக்காவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஆள்கூலி கொடுத்தாக வேண்டும். காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், அந்த 52 நாளும் அவர் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருந்தார். பிணையும் கிடையாது. அதே வருடம் அவர்கள் அறிக்கையின் அட்டையில் பச்சைப்பசேலென்று ஒரு வயல்!

கமிஷன் மண்டியை நாம் எவ்வளவோ திட்டியிருக்கிறோம். ஆனால் அங்கே எடையை நம் கண்முன் போடுகிறான். அவசரம் என்றால் அன்றைக்கே காசும் கிடைக்கிறது.

இதையெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இலேயே சட்டநெறி கொண்டுவந்தது. அழுகும் பொருளுக்கு, பெரிய வாங்குபவர் சிறிய உற்பத்தியாளருக்கு 30 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது. இங்கிலாந்தில் சூப்பர் மார்க்கெட்டுகளைக் கண்காணிக்க என்றே 2013இல் ஒரு நடுவர் பதவியை உண்டாக்கினார்கள். சரக்கு தருபவர்களுக்கு டெஸ்கோ பணத்தைத் தாமதப்படுத்தியதை 2016இல் அந்த நடுவர்தான் விசாரித்து வெளியே சொன்னார்.

நம் நாட்டிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் கட்டளை. சிறு உற்பத்தியாளர்களிடம் நேரடியாக எவ்வளவு வாங்கினார்கள் என்பது அதில் ஒரு கேள்வி. 2023இல் திருத்திய படிவத்தில், கொடுக்க வேண்டிய பாக்கி சராசரியாக எத்தனை நாள் நிற்கிறது என்ற கேள்வியும் சேர்ந்தது. அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும். மரக்கன்று நட்ட படத்தைத் தள்ளிவிட்டு இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள். படித்த பிள்ளைகள் எந்த ஊரில் இல்லை?

எங்கள் குழுவில் இளைஞர் ஒருவர் கேட்டார். "சும்மா வர்ற கொட்டகைய ஏன் ஐயா விடணும்? மழைல காய் நனையுதுல்ல?" நியாயம்தான். போன ஐப்பசியில் நனைந்ததை நானும் பார்த்தேன். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டும் முன் நான்கு விஷயம் எழுத்தில் வரட்டும் என்கிறேன்.

ஒன்று, பணம் 15 நாளுக்குள். இரண்டு, எடையும் தரமும் நம் கொட்டகையிலேயே, நம் முன்னால். கழித்த காய் அங்கேயே நம் கைக்கு. மூன்று, நாளைய விலை இன்று சாயங்காலமே. நான்கு, கொட்டகை குழுவின் பெயரில். விலை கட்டாத நாளில் வேறு யாருக்கும் விற்க உரிமை.

இந்த நான்குக்கும் அவர்களுக்கு சி.எஸ்.ஆர். நிதியில் ஒரு பைசா செலவில்லை. உண்மையில் பொறுப்பு இருக்கிற நிறுவனம் மறுக்க ஒரு காரணமும் இல்லை. மறுத்தால், கொட்டகை எதற்கென்று நமக்கும் புரிந்துவிடும்.

வருகிற அமாவாசைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறோம். என் பக்கம் எத்தனை கை உயரும் என்று தெரியாது. அந்த அக்காவின் கை உயரும். உங்கள் குழுவுக்கும் இப்படி யாராவது வந்தால் மோர் கொடுங்கள், உட்காரவையுங்கள். கூடவே பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஆளையும் அழைத்துவரச் சொல்லுங்கள்.