பட்டா இல்லாத கரைக்கு ஒரு ஜாமீன்: மீன்வளத்துறை அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



தூத்துக்குடி வட்டாரத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் ஒரு வேலை என்னை விடவில்லை. வெளிநாட்டில் கடல் உயிரியல் முதுகலை படிக்க நினைக்கும் பழைய மாணவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள்; எழுதிக் கொடுப்பேன். அவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இடம் கிடைத்த பிறகும் போக முடியாமல் நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண்ணோ ஆங்கிலமோ அவர்களைத் தடுக்கவில்லை. வங்கியில் ஈடு வைக்க வீட்டுப் பத்திரம் இல்லை, அவ்வளவுதான். அந்த ஈட்டுக்குப் பதிலாக உங்கள் துறை உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

இங்கேயே படிக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். படிக்கலாம். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், 1961 முதல் கடல் உயிரியல் கற்பிக்கிறார்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் நம் மண்டபத்தில்தான் இருந்தது. இவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. நானே அந்த மரபில் வந்தவன். ஆனால் பவளப்பாறையைப் படிக்கிறவன் ஒரே கடலை மட்டும் பார்த்தால் போதாது. மன்னார் வளைகுடாவில் 2010இல் பவளங்கள் வெளுத்தன, 2016இல் மறுபடி வெளுத்தன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டும் அதே 2016இல் வெளுத்தது. எங்கே மீண்டது, எங்கே மீளவில்லை, ஏன் என்று ஒப்பிட்டுப் பார்க்க நாலு கடலில் முங்கி எழுந்த ஆள் வேண்டும். நம் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. மிச்சத்தைக் காக்கும் வேலைக்கு, அந்தத் தீவுகளைச் சுற்றிப் பிழைக்கிறவர்களின் பிள்ளைகளை விடப் பொருத்தமானவர்கள் யார்?

அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது. ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் எந்தப் பருவத்தில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கலாம், எப்போது விட்டுவைக்க வேண்டும் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருதே கிடைத்தது. சங்கு குளிக்கிறவர்களின் பிள்ளைகள் கதை இன்னும் வேடிக்கை. கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அப்பா இறங்குவார். படகில் உட்கார்ந்து அந்தக் குழாய் சிக்காமல் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் மகன். ஒரு பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'நீரில் இயல்பாக இருப்பீர்களா' என்ற கேள்வியைக் காட்டி அப்படிப்பட்ட மாணவன் ஒருவன் என்னிடம் சிரித்தான்.

அவனுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தது. பிரேமன் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நீர்ச்சூழலியலுக்கென்றே ஆங்கில வழியில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. வெப்பமண்டலக் கடல்களை மட்டும் ஆராயும் மையம் ஒன்றும் 1991 முதல் அதே ஊரில் இயங்குகிறது. குளிரில் விறைத்துக்கொண்டு நம் பவளத்தைப் படிப்பதா என்று எனக்கும் முதலில் தோன்றியதுண்டு. ஆனால் களப்பணிக்கு அவர்கள் மாணவரை வெப்பமண்டலக் கடற்கரைக்கே அனுப்புகிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கே திரும்பி வந்து அளவெடுக்கவும் வழியிருக்கிறது, நம் வனத்துறை அனுமதி தந்தால்.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை சிறு தொகை கட்டினால் போதும். இதைக் கேட்டுத்தான் நம் பிள்ளைகள் துணிகிறார்கள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ. இதுவரை வலை விற்றோ நகை வைத்தோ சமாளித்துவிடுவார்கள். அடுத்த படிதான் ஆளை விழுத்துகிறது. ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்கூட்டியே முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். மாதம் 992 யூரோ வீதம் மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். ஆஸ்திரேலியா என்றால் இன்னும் மோசம்: 2025 ஜூலை முதல் மாணவர் விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர்; மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. உலகமே விண்ணப்பிக்கும் இடம் அது, சிலருக்கே வாய்க்கும்.

ஆக, கடன்தான் வழி. அந்தப் பையனோடும் அவன் அப்பாவோடும் வங்கிக்கு நானும் போனேன். ஏழரை லட்சம் வரை ஈடில்லாமல் தர விதி இருக்கிறது, அதற்கு மேல் சொத்துப் பத்திரம் வேண்டும் என்றார் மேலாளர். அப்பா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பைபர் படகின் பதிவுச் சான்றை எடுத்து மேசையில் வைத்தார். மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்: "அண்ணாச்சி, படகு கடலுக்குப் போகுது. பத்திரம் எங்கேயும் போகாது. எனக்குப் பத்திரம் வேணும்." வீடு இருக்கிறது, இரண்டு தலைமுறையாக இருக்கிறது. கடற்கரைப் புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை. கடற்கரையோரம் இப்படி எத்தனை வீடுகள் என்று உங்கள் துறைக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதியை அவர் எழுதவில்லை.

மற்றத் திட்டங்கள் உண்டே என்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அயல்நாட்டில் படிக்க மாநில அரசு ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. மிக நல்ல திட்டம், அதில் ஒரு ரூபாயும் குறையக்கூடாது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினரோடு நாடோடிச் சமூகத்தார், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோரைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். மீனவர் என்ற பெயர் அதில் இல்லை. நம் மீனவச் சமூகங்கள் பெரும்பாலும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களில் இருப்பதால் இந்த இரண்டு வாசலும் அவர்களுக்குத் திறக்காது. நிலமற்ற உழவனுக்கு இருக்கும் நியாயம் பட்டா இல்லாத மீனவனுக்கு இல்லையா?

மீனவப் பட்டதாரிகளுக்குக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி தரும் திட்டத்தை உங்கள் துறையே நடத்துகிறது. கலெக்டராக ஆசைப்படும் மீனவர் மகனுக்குத் துணை நிற்கும் துறை, கடலையே படிக்க ஆசைப்படுகிறவனுக்கும் நிற்கலாம். மீனவர் நல வாரியத்தில் பதிந்த குடும்பத்துப் பிள்ளை, அங்கீகாரமுள்ள அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் முதுகலைக்குச் சேர்க்கைக் கடிதம் பெற்றுவிட்டால், ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு அரசே ஜாமீன் நிற்கட்டும். முதல் ஆண்டில் இருபது பேரோடு தொடங்கினால் போதும். கடன் திரும்பி வராமல் போனால்தான் கருவூலத்துக்குச் செலவு. ஜெர்மனியில் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். வட்டிக்கு வாங்கிப் படகு கட்டி அடைத்துத் தீர்க்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், கடனை ஏமாற்ற மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

படித்து முடித்ததும் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கும் யோசனை அதிகாரிகளுக்கு வரும். வேண்டாம் என்பேன். ஆய்வேட்டுக் களப்பணியை நம் கடலில் செய்ய முன்வருகிறவனுக்கு வட்டியில் சலுகை கொடுங்கள், தானாக வருவான். தீவுகளுக்குள் போக வனத்துறை அனுமதியையும் ஒரு மாதத்துக்குள் வாங்கிக் கொடுங்கள்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. விசாவுக்குப் பணம் காட்ட வேண்டியது அதற்குச் சில மாதங்கள் முன்பே. வரும் மானியக் கோரிக்கையில் இதை அறிவித்து, மே மாதத்துக்குள் அரசாணை வெளியிட்டால், கையில் சேர்க்கைக் கடிதத்தோடு காத்திருக்கிறவர்கள் இந்த ஆண்டே போய்விடலாம். அருள்கூர்ந்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தூத்துக்குடி