உறங்குபவனின் உயிருக்கு யார் பொறுப்பு?

2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி அதிகாலை, குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர்கள் தங்கியிருந்த வாடகைக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் தீ மூண்டது. ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இந்தியர், அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டினர். இறந்தோரிற் பலரை நெருப்புத் தீண்டவேயில்லை, புகையே கொன்றது. அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் எரியும் பொருள்களால் ஆனவை. மொட்டைமாடிக் கதவோ பூட்டப்பட்டிருந்தது. குறைந்த இடத்தில் கூடுதலான உடல்களைக் கிடத்தும் வாடகைக் கணக்கே அத்தடுப்புகளை எழுப்பிற்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்திருக்கும் சம்மாந்துறையும் கல்முனையும் இதனை எங்கோ நடந்த செய்தியாகக் கருத முடியாது. ஆனால், அங்கே உறங்கும் நம் பிள்ளைகளுக்காகக் கலங்கும் இவ்வூரில், பிறர் பிள்ளைகள் உறங்கும் வாடகை அறைகள் எவ்வாறு இருக்கின்றன? தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேதான் இருக்கிறது. வெளியூர் மாணவரும் இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியரும் இங்கே அறை தேடுகின்றனர். முற்பணம் எவ்வளவு, மின்கட்டணம் யாருடையது, சுவரில் ஆணி அடிக்கலாமா என்பனவெல்லாம் பேசித் தீர்க்கப்படுகின்றன. யன்னலுக்கு இரும்புக் கம்பி, வாயிலுக்குப் பூட்டு, குசினியில் எரிவாயுச் சிலிண்டர் இருக்கும் வீட்டில், நள்ளிரவில் தீப்பற்றினால் எவ்வழியே வெளியேறுவது என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை.

உறங்குகின்றவனைப் புகையின் மணம் எழுப்பிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. உறக்கத்தில் மோப்ப உணர்வு மங்கிவிடுகிறது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு அவனை மேலும் ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்துகிறது. கல்முனையிலிருந்து தீயணைப்பு வண்டி புறப்படுவதற்கும் முன்னர், முதற் சில நிமிடங்களிலேயே அவன் விதி முடிந்துவிடலாம். அந்நிமிடங்களைக் காத்துத் தருவது, கூரையில் பொருத்தப்படும் உள்ளங்கையளவான புகை எச்சரிக்கைக் கருவி. அது தீயை அணைக்காது, உறங்குபவனை எழுப்பும். அதுவே அதன் பெருந்தொண்டு.

இங்கிலாந்தில் 2015 ஒக்டோபர் 1 முதல், தனியார் வாடகை வீடுகளில் மக்கள் வாழும் ஒவ்வொரு தளத்திலும் இக்கருவியைப் பொருத்துவது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. குடிபுகும் நாளில் அது இயங்குவதை அவர் உறுதிசெய்ய வேண்டும். பழுதென்று அறிவித்தால் திருத்தவோ மாற்றவோ வேண்டும் என்பதும் 2022இல் சேர்க்கப்பட்டது. தவறுவோர்க்கு உள்ளூராட்சி மன்றம் 5,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். குடியிருப்பவர் கருவியைக் காலந்தோறும் சோதித்து, பற்றரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பு இருவருக்கும் உண்டு. ஆனால் முதற் பொறுப்பு, வாடகையைப் பெறுபவருக்கே.

அந்நாட்டைச் சொர்க்கமென்று நாம் சொல்ல வரவில்லை. 2017 ஜூன் 14இல் இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீ 72 உயிர்களைக் குடித்தது. ஆபத்து உண்டென்று குடியிருப்பாளர்கள் முன்னரே எழுப்பிய குரலை அதிகாரம் செவிமடுக்கவில்லை. கட்டடம் முழுவதையும் எழுப்பும் மணியும் அங்கில்லை. அது நோன்பு மாதம். சஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அயலவரின் கதவுகளைத் தட்டி எழுப்பினர். அந்த மனிதநேயத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் அயலவன் விழித்திருந்தால் பிழைப்பேன், உறங்கினால் சாவேன் என்பதா ஒரு குடிமகனின் பாதுகாப்பு?

“எல்லாம் நாட்டப்படி நடக்கும்” என்பாருண்டு. ஒட்டகத்தைக் கட்டிவைக்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் இவ்வாறு சொல்வது அறமாகாது. “சமையற் புகைக்கே மணி அலறுமே” என்பார் சிலர். குசினிக்குள் ஏன் மாட்ட வேண்டும்? படுக்கையறைக்கு வெளியே, நடைவழியில் மாட்டுங்கள். “குடியிருப்பவரின் கவனயீனத்துக்கு நாங்களா பொறுப்பு?” என்பார் சொந்தக்காரர். பழைய மின்கம்பியை மாற்றாதது யார்? திறக்கவியலாத கம்பியை யன்னலில் அடித்தது யார்? கவனயீனத்துக்கு மரணதண்டனை விதிக்க எவருக்கும் உரிமையில்லை.

1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வாடகை உயர்விலிருந்தும் வெளியேற்றத்திலிருந்தும் குடியிருப்பவரைக் காக்க எழுந்தது. கூரையை இழக்காதிருக்கும் உரிமைக்காக அன்று போராடியோரின் வழியில், அக்கூரையின் கீழ் மூச்சு முட்டிச் சாகாதிருக்கும் உரிமையை நாம் இன்று கேட்கிறோம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் பிரதேச சபை, வாடகைக்கு விடப்படும் வீட்டில் எச்சரிக்கைக் கருவியும் உள்ளிருந்து திறக்கக்கூடிய மாற்றுவழியும் உண்டா என்று பார்க்கட்டும். மாணவர் தங்குமிடங்களைப் பல்கலைக்கழகம் பரிசோதிக்கட்டும். மாணவரே, ஆசிரியரே, முற்பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் இக்கேள்விகளைக் கேளுங்கள். தனியொருவன் கேட்டால், “வேறு வீடு பார்” என்பார்கள். எல்லோரும் கேட்டால், கருவியை வாங்கி மாட்டுவார்கள்.