தீர்ந்த கடனும் தீராத கட்டணமும்: இங்கிலாந்தின் கவுன்சில் வரி வசூல் பற்றிய ஒரு பார்வை

இங்கிலாந்தில் கவுன்சில் வரிப் பாக்கியை முழுமையாகச் செலுத்தி முடித்த பின்னரும், அதை வசூலிக்க அமர்த்தப்பட்ட பெய்லிஃப் நிறுவனத்திடமிருந்து கட்டணம் கோரிக் கடிதம் வருவது அபூர்வமான நிகழ்வல்ல. கவுன்சிலின் கணக்கில் நிலுவை எதுவும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்கிலோ அதே நபர் இன்னும் கடனாளியாகவே இருக்கிறார். இந்த இரண்டு கணக்குகளும் எவ்வாறு ஒரே நேரத்தில் நிலவுகின்றன என்பதற்கான விடை சட்ட விதிகளில் மட்டும் இல்லை. வசூலிக்கும் நிறுவனங்களுக்கு உண்மையில் பணம் கொடுப்பது யார் என்பதிலும் அது அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஜப்தி செய்ய வரும் அமீனாவும், இலங்கையில் பிஸ்காலும் நீதிமன்றத்தின் அலுவலர்கள். இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்காக வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர். 2014 ஆம் ஆண்டு முதல் சட்டம் அவரை 'அமலாக்க முகவர்' என்று அழைக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டிய நீதிமன்றச் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். ஆனால் அவரது நிறுவனத்தின் வருமானம் அரசிடமிருந்து வருவதல்ல. கடனாளியிடம் அறவிடும் கட்டணமே அதன் வருமானம்.

வரியின் பின்னணி

உள்ளூராட்சி வரி பிரிட்டனில் எப்போதும் அரசியல் உணர்ச்சியைத் தூண்டும் விவகாரமாகவே இருந்து வந்துள்ளது. மார்கரெட் தாட்சர் அரசு ஸ்காட்லாந்தில் 1989 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஆம் ஆண்டிலும் கொண்டுவந்த தலைவரி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1990 மார்ச் 31 ஆம் தேதி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அது கலவரமாக வெடித்தது. அதே ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கான காரணங்களில் இந்த வரியும் ஒன்று. அதற்கு மாற்றாக 1993 ஏப்ரலில் அறிமுகமானதே கவுன்சில் வரி. இங்கிலாந்தில் இன்றளவும் 1991 ஆம் ஆண்டின் வீட்டு மதிப்பை வைத்தே இது கணக்கிடப்படுகிறது.

2013 ஏப்ரலில் மற்றொரு முக்கிய மாற்றம் ஏற்பட்டது. வறியவர்களின் வரிச்சுமையைத் தாங்கிவந்த தேசிய உதவித் திட்டம் ஒழிக்கப்பட்டு, இங்கிலாந்தில் அப்பொறுப்பு குறைக்கப்பட்ட நிதியுடன் ஒவ்வொரு கவுன்சிலிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஓய்வூதிய வயதினருக்கான பாதுகாப்பு மட்டும் நீடித்தது. இதன் விளைவாக, அதுவரை வரியே செலுத்தாதிருந்த, உழைக்கும் வயதிலுள்ள பல ஏழைக் குடும்பங்கள் வரியில் ஒரு பகுதியையேனும் கட்ட வேண்டிய நிலை உருவானது. பெரிய கடன்களை வசூலிப்பதற்கென வடிவமைக்கப்பட்ட ஓர் இயந்திரம், சிறிய தொகைகளின் மீதும் பாயத் தொடங்கியது.

நினைவூட்டலிலிருந்து வாசல் வரை

ஒரு தவணை தவறினால் கவுன்சில் நினைவூட்டல் கடிதம் அனுப்பி ஏழு நாள் அவகாசம் அளிக்கும். அதற்குள் செலுத்தாவிட்டால், மேலும் ஏழு நாட்களில் தவணை முறையில் கட்டும் உரிமையே பறிபோய், அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதும் உடனடியாகச் செலுத்த வேண்டியதாகிவிடும். அடுத்து மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் அழைப்பாணை வரும். ஒரே அமர்வில் பெருந்தொகையான வழக்குகள் எடுத்துக்கொள்ளப்படுவது வழமை. வரி விதிக்கப்பட்டதா, செலுத்தப்பட்டதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். கட்டும் வசதி அவரிடம் உள்ளதா என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. இறுதியில் 'பொறுப்பு ஆணை' பிறப்பிக்கப்பட்டு, நீதிமன்றச் செலவும் கடனுடன் சேர்க்கப்படும்.

இந்த ஆணையைப் பெற்ற கவுன்சிலுக்குப் பல வழிகள் உண்டு. சம்பளத்திலிருந்தோ அரச கொடுப்பனவிலிருந்தோ அது பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அமலாக்க முகவரிடம் ஒப்படைப்பதும் அவ்வழிகளுள் ஒன்றுதான். கட்டாயமான அடுத்த படி அல்ல. ஆனால் கவுன்சிலுக்கு நேரடிச் செலவு வைக்காத வழி என்பதால் நிர்வாகிகளுக்கு அது வசதியாகத் தோன்றுகிறது.

தேதியே தீர்மானிக்கிறது

2014 ஏப்ரல் 6 ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகள், அதுவரை குழப்பமாக இருந்த கட்டணங்களை நிலையான படிகளாக மாற்றின. வழக்கு முகவரின் கைக்கு வந்ததும் 75 பவுண்ட். முகவர் முதன்முறையாக வீட்டுக்கு வந்ததும் 235 பவுண்ட். பொருட்களை விற்பனைக்குக் கொண்டுசெல்லும் கட்டத்தில் 110 பவுண்ட் என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. கடன் 1,500 பவுண்டைத் தாண்டினால், கடைசி இரு படிகளிலும் மேலதிகத் தொகையில் 7.5 சதவீதம் கூடும் என்றும் அப்போது வகுக்கப்பட்டது. தொகைகளை அரசு திருத்தலாம் என்பதால், படிகளின் வரிசையைப் புரிந்துகொள்வதே முக்கியம். இரண்டு கடிதங்கள் அனுப்பினாலும், நான்கு தடவை வந்து போனாலும் ஒரு படிக்கு ஒரு கட்டணமே.

ஆகவே, 'கடனைக் கட்டிவிட்டேன்' என்று சொல்வது மட்டும் போதாது. எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. பொறுப்பு ஆணையில் குறிப்பிட்ட முழுத்தொகையும், வழக்கு முகவரிடம் ஒப்படைக்கப்படும் முன்னரே கவுன்சிலுக்குச் சென்றிருந்தால், எந்தக் கட்டணமும் எழ முடியாது. வசூலிக்கும் அதிகாரம் முடிவுக்கு வந்த பின்னர் மேற்கொள்ளப்படும் நடவடிக்கைகளுக்குக் கட்டணம் அறவிட முடியாது என்று விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. மறுபுறம், முகவர் வீட்டுக்கு வந்து சென்ற பின்னரே பணம் கட்டப்பட்டிருந்தால், முதலிரு கட்டணங்களும் சேர்ந்த தொகையை, அதாவது 2014 ஆம் ஆண்டின் கணக்கில் 310 பவுண்டை, மறுப்பது கடினம்.

சிக்கல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான். முகவரின் முதற்கடிதம் கிடைத்ததும் பதறிப்போய் வரித்தொகையைக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் நேரடியாகக் கட்டிவிட்டு, விடயம் முடிந்தது என்று கருதுவோர் பலர். ஆனால் சட்டத்தின் பார்வையில் 'செலுத்த வேண்டிய தொகை' என்பது கடனும் வசூல் செலவும் சேர்ந்தது. கிடைக்கும் பணம் போதாதபோது அதில் முதற்படிக் கட்டணத்தைத் தமக்கு முதலில் எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, ஆகவே கடனில் ஒரு சிறு பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது என்று நிறுவனங்கள் வாதிடுவதுண்டு. அந்த விதி முகவர் வசூலித்த பணத்துக்கே பொருந்தும், கவுன்சிலுக்கு நேரடியாகச் சென்ற பணத்துக்குப் பொருந்தாது என்பது எதிர்வாதம். இந்த விவாதம் நீளும்போது, கட்டப்படாத முதற்படிக் கட்டணத்தைத் தேடி முகவர் வாசலுக்கு வந்தால், அந்த வருகைக்கே இரண்டாம் படிக் கட்டணம் கேட்கப்படும் அபாயம் இருக்கிறது. முதற்கடிதம் வந்தபின் பணம் கட்டுபவர்கள், கட்டுவதற்கு முன்பே முதற்படிக் கட்டணம் பற்றிக் கவுன்சிலிடம் எழுத்தில் தெளிவு பெறுவது இதனால்தான் அவசியமாகிறது.

இன்னொரு வகைத் தகராறு கணக்கு எண்ணால் எழுகிறது. பழைய பாக்கிக்கென அனுப்பிய பணத்தை நடப்பாண்டு வரியில் கவுன்சில் வரவு வைத்துவிடலாம். எந்த ஆண்டின் கடனுக்கு இந்தப் பணம் என்று குறிப்பிடும் உரிமை கட்டுபவருக்கே உண்டு. அவ்வாறு குறிப்பிட்டதற்கான சான்று இருந்தால், தவறாக வரவு வைத்ததன் விளைவைக் கட்டுபவரின் தலையில் சுமத்த முடியாது.

பொறுப்பு யாருடையது?

இவ்வாறான முறையீடுகளுக்குக் கவுன்சில் அலுவலகங்களில் அடிக்கடி கிடைக்கும் பதில், 'அது முகவரிடம் பேச வேண்டிய விடயம்' என்பதாகும். இது ஏற்கத்தக்கதல்ல. கவுன்சிலின் சார்பில் செயற்படுவோரின் செயல்களுக்குக் கவுன்சிலே பொறுப்பு என்பது, இங்கிலாந்தின் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் அலுவலகம் தொடர்ந்து வலியுறுத்தி வரும் நிலைப்பாடு. வழக்கை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெறவும் கவுன்சிலால் முடியும்.

எனவே, பணம் கட்டிய தேதிக்கான வங்கிச் சான்று, வழக்கு ஒப்படைக்கப்பட்ட தேதி, முகவர் வந்ததாகக் கூறப்படும் தேதி ஆகிய மூன்றையும் முன்வைத்து, நிறுவனத்திடமும் கவுன்சிலிடமும் எழுத்து மூலம் முறைப்பாடு செய்வதே முறையான வழி. தொலைபேசி உரையாடல் பதிவாக நிற்காது. கவுன்சிலின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், பிரச்சினை தெரியவந்த 12 மாதங்களுக்குள் ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். கட்டணத்தின் அளவை நீதிமன்றம் மதிப்பிட வேண்டும் என்றும் கோரலாம். ஆனால் அதில் தோற்றால் செலவுச் சுமை ஏற்படக்கூடும்.

முகவரின் அதிகாரத்துக்கும் எல்லைகள் உண்டு. கவுன்சில் வரிக்காக முதன்முறை வருபவர் பலவந்தமாக வீட்டுக்குள் நுழைய முடியாது. காலை 6 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ பொதுவாக வரக் கூடாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் வீட்டிலிருக்கும்போது உள்ளே செல்லவும் அனுமதியில்லை.

தமிழ்க் குடும்பங்களின் நிலை

லண்டனில் மட்டும் 33 உள்ளூராட்சி அமைப்புகள் உள்ளன. ஹரோவிலிருந்து பக்கத்திலுள்ள பிரென்டுக்கு வாடகை வீடு மாறும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு, முற்றிலும் வேறான கவுன்சிலும் வேறான கணக்கும் உருவாகின்றன. பழைய முகவரிக்குச் செல்லும் நினைவூட்டல் கடிதங்கள் அவர்களின் கண்ணில் படாமலேயே பொறுப்பு ஆணை வரை விடயம் சென்றுவிடலாம். அரச நிதியுதவி பெற முடியாத விசாவில் இருப்போருக்கு வருமானம் சார்ந்த வரிக் குறைப்பு கிடைக்காது. ஆனால் தனியாக வசிப்பவருக்கான 25 சதவீதக் கழிவு அந்தத் தடைக்குள் வராது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

மொழியும் இங்கு ஒரு சட்டப் பொருளாகிறது. முகவர்களுக்காக 2014 ஆம் ஆண்டு நீதித்துறை அமைச்சு வெளியிட்ட தேசிய நியமங்கள், ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளவோ பேசவோ வாசிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுவோரை, பாதிப்புக்குள்ளாகக் கூடியோரின் பட்டியலில் சேர்க்கின்றன. கடனாளி அத்தகையவர் எனில், பொருட்களை எடுத்துச் செல்லும் முன் ஆலோசனை பெற அவருக்குப் போதிய வாய்ப்பளிக்காத முகவர் இரண்டாம் படிக் கட்டணத்தைக் கோர முடியாது என்று கட்டண விதிகள் கூறுகின்றன. ஆனால் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக வாசலில் நிறுத்தும் குடும்பங்கள், தமது சிரமத்தைத் தாமே மறைத்துவிடுகின்றன. அதனை எழுத்தில் அறிவிப்பது வெட்கத்துக்குரியதல்ல. அது ஒரு பாதுகாப்பு. இன்னும் கடன் மீதமிருப்போருக்கு, 2021 மே மாதம் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 60 நாள் மூச்சுவிடும் அவகாசத் திட்டமும் உண்டு. கடன் ஆலோசகர் ஊடாகவே அதனைப் பெறலாம்.

வசூல் தொழிலைக் கண்காணிக்க 2022 ஆம் ஆண்டு அமலாக்க நடத்தை வாரியம் உருவாக்கப்பட்டது ஒரு முன்னேற்றம். ஆனால் சட்ட அதிகாரத்துடன் அல்லாமல், நிறுவனங்கள் தாமாக முன்வந்து இணையும் அடிப்படையிலேயே அது தொடங்கப்பட்டது. கவுன்சில் வரி நிர்வாகத்தைச் சீர்திருத்துவது குறித்து 2025 ஜூனில் அரசு பொதுமக்களின் கருத்தைக் கோரியது, ஒரு தவணை தவறியவுடன் முழு ஆண்டுத் தொகையும் கேட்கப்படும் வேகத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

வேகத்தைக் குறைப்பது தேவையானதே. எனினும் அடிப்படையான முரண்பாடு அதனால் மட்டும் தீர்ந்துவிடாது. வரி முழுவதும் கைக்கு வந்துவிட்டால் கவுன்சிலின் அக்கறை முடிந்துவிடுகிறது. நிறுவனத்தின் அக்கறையோ அந்தக் கட்டத்தில்தான் தனித்து நிற்கிறது. பொதுப்பணம் வசூலாகிவிட்ட பின்னர், அரசு அதிகாரத்தின் பெயரால் தனியார் கட்டணம் ஒன்று மட்டும் துரத்தப்படும்போது, அதனைச் சரிபார்க்கும் கடமை அந்த அதிகாரத்தைக் கையளித்த கவுன்சிலுக்கே உரியது. கவுன்சில் தானாக அதைச் செய்யாத வரை, தேதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தி அதனைக் கேள்வி கேட்க வேண்டியவர்களாக வரி செலுத்துவோரே இருக்கிறார்கள்.